சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று மணி

மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் காது வைக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருக்கிறது, மூன்று மாதமாக ஒரே இடத்தில் தலையைச் சாய்த்தால் படியாமல் என்ன செய்யும், வீட்டுக்காரன் பார்த்தால் கத்துவான், கத்தட்டும். இந்த நாலு போர்ஷனுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், அந்தப் பக்கம் தனபாக்கியம் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கரகரக்கும். அவளோடு நான் பேசி இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே மீட்டர் பெட்டிக்குக் கீழே செருப்பு விட்டோம், பேசவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான், தினமும் செய்ய வேண்டும், ஒரு நாள் விட்டால் கெட்டுவிடும். அவளுக்குக் காது மந்தம், டிவியை அலறவிட்டுத்தான் பார்ப்பாள், அதுதான் எனக்கு வசதி. என்னிடம் டிவி இல்லை, என் சம்சாரம் பச்சையம்மா போன மறு வருஷம் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தேன், அவள் உட்கார்ந்து பார்த்த பெட்டி சும்மா கறுப்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் பாயில் படுத்திருக்கிறேன், கண் சொருகுகிறது, சுவருக்குள்ளிருந்து பச்சையம்மா பாடுகிறாள். செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சரி, இவ்வளவுதானா, வலியில்லாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன். பிறகு சோப்பு விளம்பரம் வந்தது. செத்த இடத்தில் சோப்பு விளம்பரம் வராது.

கிணற்றடி பங்களா. அதுதான் தொடரின் பெயர், அந்தக் காலத்தில் புதன்கிழமை புதன்கிழமை வந்தது, இப்போது ஏதோ ஒரு சேனலில் தினமும் மூன்று மணிக்கு மறுபடி போடுகிறார்கள். முதலில் ஒரு துரு ஏறிய கதவு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர், பிறகு அவள். வார்த்தை கிடையாது, மூடிய வாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் ஒரு இழுப்பு. ஊரில் குழந்தைகள் அதைக் கேட்டுப் போர்வைக்குள் போனார்கள், பெரிய மனுஷர்கள் எழுந்து கொல்லைக் கதவைத் தாழ் போட்டார்கள். எனக்கு அது கொண்டை போட்டுக்கொண்டு முறத்தில் அரிசி புடைக்கிற ஒரு பெண்பிள்ளை. எழுபத்தேழு பகுதி சுவரில் காது வைத்துக் கேட்டாகிவிட்டது. இன்றைக்கு எழுபத்தெட்டு, கடைசி. நான் காத்திருப்பது தொடக்கத்தில் வரும் பாட்டுக்கு அல்ல, முற்றும் போட்ட பிறகு வரும் பாட்டுக்கு. மற்ற நாள் அதைப் பாதியில் வெட்டிவிடுவார்கள். கடைசிப் பகுதியில் மட்டும், வேலை செய்த எல்லார் பெயரையும் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்ததால் நாடா முழுவதையும் ஓடவிட்டார்கள், ரெக்கார்டிங் எஞ்சினியர் அதன் வால் பக்கம் நறுக்க மறந்துவிட்டான். அதனால் பாட்டு முடிந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பச்சையம்மா ஒரு வார்த்தை கேட்பாள். போதுங்களா? அவ்வளவுதான். அவள் பேசி இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தை. கல்யாண கேசட் எங்களுக்குக் கிடையாது, போனில் பேசிப் பதிந்து வைக்கிற காலத்துக்கு அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. சலூன்காரன் எல்லாம் போனில் கிடைக்கும் பெரியவரே என்று தேடிப் பார்த்தான், யாரோ முதல் பத்துப் பகுதியை ஏற்றிவிட்டுச் சலித்துப் போயிருக்கிறான். ஆக, இன்றைக்குத்தான். வலது உள்ளங்கை லேசாக வலிக்கிறது, நேற்று எதிலோ பட்டது.

பென்னட் மாஸ்டர் மட்டும் ஒழுங்கான ஆளாக இருந்திருந்தால். இதை நான் சாப்பிடும்போது நினைப்பேன், பல் துலக்கும்போது நினைப்பேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அவருடைய ரெக்கார்டிங் தியேட்டரில் ஜமக்காளம் விரிப்பது, மைக் ஸ்டாண்டு நகர்த்துவது, வயர் சுருட்டுவது என் வேலை. தொடருக்கு இசை போடுவது என்றால் ஒவ்வொரு கதைக்கும் உட்கார்ந்து போடுவார்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். இல்லை, பெட்டிக்குப் போடுவார்கள். ஒரே நாளில் வாசித்து, நாடாவில் ஏற்றி, மேலே சீட்டு ஒட்டி அடுக்கிவிடுவார்கள், சோகம் ஒன்று, சோகம் இரண்டு, கார் வருகிறது, மாமியார், பயம் ஒன்று, பயம் இரண்டு. பிறகு வருஷம் முழுக்க எந்தக் கதவு திறந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டியதுதான். அன்றைக்குப் பயம் மூன்று வரவில்லை. வரவேண்டிய பாட்டுக்காரி வரவில்லை, மாஸ்டர் கீபோர்டில் என்ன அழுத்தினாலும் நாய் ஊளையிட்டது. நான் மாத்திரையை மறந்து வந்திருந்தேன், பச்சையம்மா அதைக் கொண்டுவந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள், சும்மா உட்கார அவளுக்கு வராது, வாய்க்குள் எதையோ ராகம் போட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். யாருய்யா அது என்றார். என் சம்சாரம் சார், மாத்திரை குடுக்க வந்துச்சு, இதோ அனுப்பிடறேன் என்றேன். பாடுமா என்றார். தொட்டிலுக்குப் பாடும் சார். உள்ள கூட்டிட்டு வா. அவள் திட்டப்போகிறார்கள் என்று நினைத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கவைத்தார்கள், இந்தப் பக்கம் மாஸ்டர், எஞ்சினியர், நான். மாஸ்டர் பட்டனை அழுத்திக்கொண்டு பேசினார், அழுத்தினால்தான் அங்கே கேட்கும். அம்மா, வார்த்த வேணாம், வாய மூடிக்கிட்டுப் பாடுங்க. வாய மூடிட்டு எப்படிங்க பாடறது? கொழந்த தூங்கிடுச்சும்மா, ஆனா கைய எடுத்தா முழிச்சுக்கும், அப்ப எப்படிப் பாடுவீங்க? அவள் சிரித்தாள். கண்ணை மூடினாள். எஞ்சினியர் கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான், ஆடை படிந்தது. முடித்ததும் கண்ணைத் திறந்து கேட்டாளே, அதுதான் அந்த வார்த்தை. பிறகு மாஸ்டர் நாடாவின் ஓட்டத்தைக் குறைத்து, கிணற்றுக்குள் இறக்கினதுபோல எதிரொலி கொடுத்துப் போட்டுக் காட்டினார். பச்சையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இது நானா என்றாள். தாலாட்ட மெதுவா ஓட்டினா பயம், அவ்வளவுதாம்மா வித்தியாசம் என்றார், இப்படி எதையாவது சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைப்பது அவர் வழக்கம். அந்த வார்த்தையும் அப்படித்தான் வரும், மெதுவாக, ஆண்குரல்போலக் கனத்து. பரவாயில்லை. எனக்கு அதை வேகப்படுத்திக் கேட்கத் தெரியும்.

மணி மூன்று. கதவுச் சத்தம் வரவில்லை. என் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடும், பொறுக்கலாம். இரண்டு நிமிஷம் போய்விட்டது, மூன்று, நான்கு, சொட்டுத் தண்ணீர் இல்லை, அவள் இல்லை, சுவர் சுவராக இருக்கிறது. காதை மாற்றி வைத்தேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது, அதுவும் ஒரு பேய்ப் படத்துக்குப் போடலாம்போலத்தான் இருக்கிறது, பயம் நான்கு. கரண்ட் இருக்கிறது, என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. வெளியே போயிருப்பாளா? மூன்று மாதத்தில் மூன்று மணிக்கு அவள் வெளியே போனதில்லை. பன்னிரண்டு மணிக்குக் குக்கர் மூன்று விசில் அடித்தது, நான் எண்ணினேன், ஒரு மணிக்கு நெத்திலி வறுத்த வாசனை. சோறு தின்ற மனுஷி. செத்துக் கித்துப் போய்விட்டாளா. மகன் அபுதாபியில், மருமகளும் பேரனும் கோயம்புத்தூரில், இங்கே அவளுக்கும் ஆள் கிடையாது. விழுந்து கிடந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? எனக்கு. வாசனையில் தெரியும். இந்த நினைப்பு வந்ததும் எழுந்து நின்றேன், பிறகு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி சிமெண்ட் தரையில் கரகரவென்று நகர்ந்தது. இருக்கிறாள். இருந்துகொண்டுதான் போடவில்லை. இன்றைக்குப் பார்த்து. நான் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டு நிறுத்திவிட்டாள், அன்றைக்கு நிறுத்தினது போதாதென்று இன்றைக்கும்.

அன்றைக்கு. தொடர் வந்த வருஷம், அவள் பேரனைத் தொட்டிலில் போடுகிற நாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளை இல்லாதவளைத் தொட்டில் பக்கம் விடமாட்டார்கள், தெரியும், ஆனால் பச்சையம்மாவை விட்டார்கள், குரலுக்காக விட்டார்கள், இந்தத் தெருவில் பதினாலு குழந்தைகளின் முதல் பாட்டு அவள் பாடினது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தி அவள் கையில் கயிற்றைக் கொடுப்பார்கள், அவள் பாடி முடிக்கும்வரை அந்தப் பிள்ளை அவளுடையது. அவளுக்குக் கிடைத்த பாகம் அவ்வளவுதான், அதற்கு ஒரு நாள் முன்னாலேயே தலைக்குக் குளிப்பாள். அன்றைக்கும் குளித்து, பூ வைத்து, மாம்பழக் கலர்ப் புடவை கட்டி நிற்கிறாள். தனபாக்கியம் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. பச்ச, தப்பா நெனச்சுக்காதடி, மருமவ பச்ச ஒடம்பு, அந்த டிவில வர்ற குரலு தொட்டில்கிட்ட வேணாம்னு அழுவுறா, நீ சாப்பிட மட்டும் வந்துட்டுப் போ. பச்சையம்மா சரிக்கா என்றாள். பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு அரிசி களைந்தாள். அதோடு யாரும் கூப்பிடவில்லை, ஒரு வீடு வேண்டாம் என்றால் நாலு வீடு வேண்டாம் என்னும். அதன் பிறகு இருபத்தோரு வருஷம் இருந்தாள், அடுப்படியில்கூட வாய்க்குள் ஒரு ராகம் கிடையாது. ஒரு தடவை கேட்டேன், எனக்காகப் பாடேன் என்று. வேணாம், பக்கத்தூட்டுல பயந்துக்குவாங்க என்று சிரித்தாள். எல்லாம் பென்னட் மாஸ்டரால் வந்தது. பெயர் போட்டிருந்தால் அது ஒரு பாட்டுக்காரியின் குரல், பெயர் போடாததால் அது பேயின் குரல். குதிரை கொடுத்தவன் பெயரைப் போட்டார்கள், டிஃபன் கொடுத்த மெஸ் பெயரைப் போட்டார்கள். பெயரே இல்லாதபோது தெருவுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தது, அவ்வளவுதான். தெரு என்றால் தெரிந்துகொள்ளும். பென்னட் மாஸ்டர் மட்டும் ஒழுங்கான ஆளாக. பெயரே இல்லை, முகம் இல்லை, ஓட்டம் குறைத்த குரல், கட்டினவனுக்கே சொன்னால்தான் தெரியும். தெருவுக்கு எப்படியோ. சரி, இப்போது அதுவா முக்கியம், மணி மூன்று பதினேழு.

மூன்றரைக்கு முடித்துவிடுவார்கள். நடுவில் விளம்பரம் போக மிச்சம் கொஞ்சம்தான். எழுந்து வேட்டியைச் சரியாகக் கட்டினேன், சட்டை போட்டேன், பொத்தானை ஒவ்வொன்றாக, யார் வீட்டுக்கோ பெண் பார்க்கப் போகிறவன்போல. போகக்கூடாது என்று ஒரு கால் சொல்கிறது. இருபத்தேழு வருஷத்தைக் கட்டிக் காத்தவன், ஒரு வார்த்தைக்காக விட்டுக்கொடுப்பதா? ஒரு வார்த்தைதான். அவளுடைய வார்த்தை. வாசலில் இறங்கினால் அவள் வாசல் ஆறு எட்டு தூரம், வெயில் சிமெண்டைக் காய்ச்சி வைத்திருக்கிறது, செருப்பு போட மறந்து வந்திருக்கிறேன். கம்பிக் கதவு தாழ் போட்டிருந்தது, உள்ளே மரக்கதவு திறந்திருந்தது. என்னவென்று கூப்பிடுவது? அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அது வாய்க்குள் தேடினால் கிடைக்கவில்லை. கம்பியை விரலால் தட்டினேன். கேட்கவில்லை. அடித்தேன். நாற்காலி நகர்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், தலை பஞ்சாகியிருக்கிறது, தினமும் பார்க்கிற தலைதான், பக்கத்தில் பார்த்து வருஷமாகிறது. என்னைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"ஐயோ ஏகாம்பரம், கொறச்சிட்டேன்பா. சுத்தமா கொறச்சுட்டேன். இன்னுமா கேக்குது?"

எனக்குப் புரியவில்லை. "எத?"

"டிவியத்தான். நேத்து செவுத்துல ஓங்கி அடிச்சியே. தூங்குற நேரத்துல அலறவுட்டா யாருக்குத்தான் கோவம் வராது. சொல்லியிருக்கலாம். நீ எங்க சொல்லுவ."

அவளுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் மட்டும். கிணற்றடியில் போலீஸ்காரர்கள் வாயை வாயை அசைத்தார்கள். நேற்றுப் பாட்டை நடுவில் வெட்டி விளம்பரம் போட்டான், ஆத்திரத்தில் நான் சுவரை அறைந்தேன், உள்ளங்கை அதற்குத்தான் வலிக்கிறது. அந்த அடிக்கு இந்தப் பக்கம் இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காது கேட்காதவள், கடைசிப் பகுதியை, சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏத்துங்க," என்றேன். "சத்தத்த ஏத்துங்க."

"என்னது?"

"ஏத்துங்கன்றேன்!" கம்பிக்குள் கையை விட்டு டிவியைக் காட்டினேன். "அது பச்சையம்மா குரலு. முடியப் போவுது, ஏத்துங்க!"

தாழைத் திறந்தாள். ரிமோட்டைத் தேடினாள், தலையணைக்குக் கீழே, வெற்றிலைத் தட்டுக்குக் கீழே, கடைசியில் அவள் மடியிலேயே செருகியிருந்தது. பச்சைக் கோடு ஒவ்வொன்றாக ஏறியது. போலீஸ்காரர்களுக்குப் பேச்சு வந்தது. அவள் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள், நான் உட்காரவில்லை. அவ குரலுன்னு தெரிஞ்சுதான் தெனமும் பாக்கறேன் என்றாள், டிவியைப் பார்த்துக்கொண்டே. இந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போனால் அது நியாயமில்லை.

"பேய்க் குரலாச்சே. தொட்டில்கிட்ட வேணாம்னீங்களே."

"சொன்னேன்." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "சொன்னதுதான். மருமவ அழுதா, சொன்னேன். ஆனா ஏகாம்பரம், அது அவ கொரலுன்னு எங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீதான வூடு வூடா வந்து சொன்ன. டிவில பேயாட்டம் இழுக்கறது எங்க வூட்டு ஆளுதான், பேரு போடாம ஏமாத்திட்டானுங்கன்னு. இந்த வாசல்ல நின்னுதான் சொன்ன. அவ பின்னாலயே வந்து வேணாம், வாங்கன்னு ஒன் கையப் புடிச்சு இழுத்தா."

இழுத்தாள். முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்தாள், அந்தப் பிடி இப்போதுகூட அங்கே இருக்கிறது. நீல லுங்கி, வியாழக்கிழமை காலை, முதல் வீடு எதிரில் டெய்லர், இரண்டாவது மாவு மிஷின், மூன்றாவது இந்த வாசல், அப்புறம் தெருக்கோடி வரைக்கும். பதினாலு குழந்தைகளின் வீடு. ஒரு வீட்டை விடவில்லை. பெயரை நானே போட்டேன், ஒவ்வொரு வாசலிலும் நின்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஆச்சரியப்பட்டார்கள், அப்படியா அப்படியா என்றார்கள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இருபத்தேழு வருஷமாகப் பென்னட் மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷன் என்ன செய்தார், வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"எங்க பேரன் வினோத்து கைப்புள்ளையில," என்று தனபாக்கியம் ஆரம்பித்தாள், "புதங்கிழமைல இந்தப் பாட்டு வந்தாதான் அழுவய நிறுத்துவான். அது கேட்டுதுன்னா அப்புடியே கண்ணு சொருவும். வந்து பச்சகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது."

வந்திருக்கலாம். ஆறு எட்டு. அதைச் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டவளை என்ன சொல்லித் திட்டுவதென்று தேடிக்கொண்டிருக்கும்போதே முற்றும் விழுந்தது, பெயர்கள் கீழேயிருந்து ஏறத் தொடங்கின, கதவு முனகியது, ஒரு சொட்டு விழுந்தது, பச்சையம்மா வந்தாள். சுவர் இல்லாமல் வந்தாள். மூன்று மாதமாகச் செங்கல் வழியாகக் கேட்டவனுக்கு அவள் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் கேட்டது, குழந்தை தூங்கிவிட்டது, கையை எடுத்தால் விழித்துக்கொள்ளும், எடுக்காமல் எடுக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். வசனம் எழுதினவர் போனார், கேமரா பிடித்தவர் போனார், குதிரை கொடுத்தவர் போனார். எந்த நேரமும் சோப்பு விளம்பரம் பாயும் என்று நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாயவில்லை. பாட்டு நின்றது. கறுப்புத் திரை. பிறகு அடிக் கிணற்றிலிருந்து, ஒரு யானை பேசுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, கேட்டுவிட்டாள். நான் அதை உள்ளே வேகப்படுத்திப் பார்த்தேன், சிரிப்பு கூட இருந்தது, சொல்லி முடிக்கிற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, அது இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

தனபாக்கியம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "கடசீல என்னாமோ சொன்னாளே. என்னா சொல்றா?"

"போதுங்களான்னு கேக்குறா."

"யார?"

"எங்களத்தான். பாடி முடிச்சிட்டு."

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

டிவியில் யாரோ துணி துவைத்துக் காயப்போட்டார்கள். அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், காது கேட்காதவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன்க்கா," என்றேன். "இங்கேர்ந்து பேசினா அங்க கேக்காது."